கடைவீட்டில் மோடம் ஸ்தாபன விதி: ஒரு விசாரணை

பினாங்கு மாநகரின் லிட்டில் இந்தியாவைப் பற்றி எழுதப் புகுந்த அறிஞர் பெருமக்கள், குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் ஆலயம் 1833இல் எழுந்த வரலாற்றையும், அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்ததாகிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் வரலாற்றையும், தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும் நகரத்தார் வெள்ளி ரதத்தின் வழித்தடத்தையும் போதுமான அளவுக்கு, சிலர் போதுமான அளவுக்கு மேலும், ஆராய்ந்திருக்கிறார்கள். ஆயினும் மார்க்கெட் ஸ்திரீட்டின் கடைவீடொன்றில், கல்லாப் பெட்டிக்குப் பின்னால், தொலைபேசிக்கும் சாமி படத்துக்கும் இடைப்பட்ட பலகையில், கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தோடு சேர்க்கும் மோடம் என்னும் சிறு பெட்டியை எந்த விதிப்படி, எந்தக் காலத்தில், யாருடைய சம்மதத்தோடு ஸ்தாபிப்பது முறை என்ற விஷயத்தை அவர்களுள் ஒருவரும் தொடாமல் விட்டது கல்வியுலகுக்கு நேர்ந்த குறையேயாம். பொருள் வழக்கொழிந்துவிட்டதே என்று ஆட்சேபிப்பார் உளர். வழக்கொழிந்த பின்னரே ஒரு பொருள் ஆராய்ச்சிக்குப் பூரண தகுதி பெறுகிறது என்பது பல்கலைக்கழகங்கள் யாவும் நடைமுறையில் ஒப்புக்கொண்ட கொள்கையாதலால், அந்த ஆட்சேபம் நில்லாது.

இவ்விசாரணைக்குப் பிரமாணங்கள் மூன்று. முதலாவது, மோடத்தோடு அட்டைப்பெட்டிக்குள் வந்து, பிரிக்கப்படாமலே மேசை இழுப்பறைக்குள் போய்ச் சேர்ந்த கைப்புத்தகம். இரண்டாவது, பெட்டியின் அடிப்பாகத்தில், அதாவது பலகையின் மேல் அது உட்கார்ந்த பிறகு ஒருவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், அரசாங்க அங்கீகாரத்துக்கு அத்தாட்சியாக ஒட்டப்பட்ட சீட்டு. மூன்றாவது, கடைவீட்டு மாடியில் குடியிருந்த மூத்தோர் வாக்கு. இம்மூன்றும் முரண்படுமிடத்து எது வலியது என்பதைப் பின்னர் காண்போம்.

தூரதேசத்துச் செய்தி கம்பி வழியே வந்து சேர்வது இவ்வூருக்குப் புதிதன்று. 1870இலேயே சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக்கம்பி போடப்பட்டு, அங்கிருந்து சிங்கப்பூருக்கு நீண்டது. ஆகவே, தமிழ்நாட்டுக் கரையும் பினாங்குக் கரையும் மின்சாரத்தால் சம்பந்தம் கொண்டு நூறாண்டுக்கு மேலாகியிருந்த நிலையில்தான், 1992இல் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங், 1996இல் டெலிகோம் மலேசியாவின் டி.எம்.நெட் ஆகிய இரு வாயில்கள் இணையத்துக்குத் திறக்கப்பட்டன. பல்கலைக்கழகத்தார் எண்பதுகளின் பிற்பகுதியிலேயே தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிக்குக் கணினி கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மையாயினும், கற்றோர் செய்வதைச் சான்றாகக் கொள்வது கடைத்தெரு வழக்கமன்று. கணக்குப்பிள்ளையின் மகன் கல்லூரி விடுமுறைக்கு வந்து, 'இது இருந்தா மெட்ராஸ்ல சேலை விலை நமக்கு உடனே தெரியும் முதலாளி' என்று சொன்ன நாளே மார்க்கெட் ஸ்திரீட்டில் இணைய யுகத்தின் தொடக்கம் எனக் கொள்ளத்தக்கது.

அதிகார பரம்பரையைச் சுருங்கச் சொல்லி மேலே செல்லலாம். 1946 முதல் இயங்கிய தொலைத்தொடர்பு இலாகா, கம்பியையும் தானே வைத்துக்கொண்டு, அதில் எதை மாட்டலாம் என்ற தீர்ப்பையும் தானே சொல்லி வந்தது. 1987இல் கம்பி ஒரு கம்பெனிக்குப் போயிற்று. தீர்ப்பு இலாகாவிடம் நின்றது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1999 ஏப்ரல் முதல் நாள் அமலுக்கு வந்தபோது தீர்ப்பு புதிய ஆணையத்துக்குச் சென்று, கருவிகளைச் சோதித்து முத்திரையிடும் பணி சிரிம் நிறுவனத்துக்கு வாய்த்தது. இத்தனை கைமாற்றத்துக்கும் நடுவில் மோடத்தின் அடியில் இருந்த சீட்டை யாரேனும் கடைக்குள் வந்து புரட்டிப் பார்த்ததுண்டா என்றால், தூசி தட்ட வந்த பணிப்பெண்ணைத் தவிர வேறெவரையும் சொல்வதற்கில்லை.

இனிக் கைப்புத்தகத்துக்கு வருவோம். மோடம் எங்கே செய்யப்பட்டிருந்தாலும் அதன் கைப்புத்தகம் அமெரிக்காவை நோக்கியே பேசும். அந்நாட்டு மத்தியத் தொடர்பு ஆணையத்தின் விதித்தொகுப்பில் 68ஆம் பாகத்துக்கு இக்கருவி இணக்கமானது என்று முதற்பக்கத்திலேயே பிரகடனம் செய்யும். அந்தப் பாகம் பிறந்த கதை சுவையானது. அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி, தன் கம்பியில் பிறர் செய்த பொருள் எதுவும் தொடக்கூடாது என்று நெடுங்காலம் பிடிவாதம் பிடித்தது. பேசுவது பக்கத்தில் இருப்பவர் காதில் விழாமலிருக்க ஒலிவாயின் மேல் மாட்டிக்கொள்ளும் வெறும் கிண்ணம் போன்ற ஒரு மூடியைக்கூட அது தடை செய்தது. மின்சாரமே இல்லாத அந்தக் கிண்ணத்தால் தேசத்தின் தொலைபேசி அமைப்பு எவ்வாறு பங்கமுறும் என்று வினவி, 1956இல் நீதிமன்றம் தடையை நீக்கிற்று. 1968இல் வேறொரு வழக்கில் வெளியார் கருவிகளுக்கு வாசல் மேலும் திறந்தது. திறந்த வாசலில் யாரை விடுவது என்று நிர்ணயிக்க எழுபதுகளில் அந்த 68ஆம் பாகம் எழுந்தது. மேற்படி கிண்ணம் பினாங்கில் விற்பனைக்கு வந்திருந்தால், ஐந்தடி நடைபாதையில் நிற்கும் அத்தனை காதுகளையும் வைத்துக்கொண்டு வட்டிக் கணக்குப் பேசியவர்கள் ஆளுக்கு இரண்டு வாங்கியிருப்பார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

அந்தப் பாகத்தின் உட்பிரிவுகளுள் தலையாயது, மணியொலிச் சமானம் என்று சொல்லத்தக்க ஓர் எண்ணைப் பற்றியது. தொலைபேசி நிலையம் மணியடிக்கச் செய்வதற்காகக் கம்பியில் ஏறத்தாழ 90 வோல்ட் மாறுமின்சாரத்தை அனுப்புகிறது. அந்த வலிமை பழைய இரும்பு மணிகள் ஐந்தை அசைக்கவே போதும். எனவே ஒரே கம்பியில் தொங்கும் கருவிகளின் எண்களையெல்லாம் கூட்டினால் 5க்கு மேற்படலாகாது என்பது விதி. அமெரிக்க இல்லத்துக்கு இந்தக் கணக்குப் போதியதாக இருக்கலாம். கடைவீட்டின் நிலையோ வேறு: கல்லாவில் ஒன்று, மாடியில் குடும்பத்துக்கு ஒன்று, பின்கட்டுச் சமையலறையில், அம்மி அரைக்கும் சத்தத்தையும் மீறிக் கேட்பதற்காகத் தனியே இழுத்து மாட்டிய பெரிய மணி ஒன்று, ஃபேக்ஸ் இயந்திரம் ஒன்று, முன்னொரு காலத்தில் பேசிக்கொண்டிருந்து இப்போது மணி மட்டும் அடிக்கிற, எடுத்தால் பேசாத, எறிய மனம் வராத கறுப்புத் தொலைபேசி ஒன்று. ஆக, மோடம் தெருவுக்குள் வருமுன்பே கணக்கு நிரம்பிவிட்டது. புதிய பெட்டி கூட்டும் பின்னம் சிறிதேயாயினும், மணிகள் எல்லாமே அதற்குப் பிறகு தொண்டை கட்டியவைபோல முனகத் தொடங்கின. முதலாளி மோடத்தைச் சந்தேகித்தார், எவரும் கறுப்புத் தொலைபேசியைச் சந்தேகிக்கவில்லை. பழையவற்றின் மேல் குற்றம் சுமத்தாமை நமது நீதிசாஸ்திரத்தின் அடிப்படை.

அடுத்தது நீர் சம்பந்தமான பிரகரணம். ஈரமான இடத்தில், அதற்கென்று தனியே செய்யப்பட்டதாக இருந்தாலொழிய, தொலைபேசி இணைப்பை அமைக்கலாகாது. குளியல் தொட்டி, துணி துவைக்கும் தொட்டி, நனைந்த நிலவறை, நீச்சல் குளம் இவற்றின் அருகே கருவியை உபயோகிக்கலாகாது என்று கைப்புத்தகம் கண்டிப்பாகச் சொல்கிறது. நீச்சல் குளத்தைப் பற்றிய எச்சரிக்கையை மார்க்கெட் ஸ்திரீட்டார் ஒரு குறையுமின்றி அனுசரித்தார்கள் என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறோம். சிக்கல் எழுவது முற்றத்தில். பினாங்குக் கடைவீடு என்பது தெருவை நோக்கி ஒடுங்கிய முகமும் பின்னோக்கி நீண்ட உடம்பும் கொண்டது. நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்குமாக வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றம் ஒன்றிருக்கும். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே பெய்யும். தெருவிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி கல்லாவைத் தொட்டு, முற்றத்து ஓரமாக மரப்படி ஏறி, மாடிக்குப் போயாக வேண்டும். இப்போது கேள்வி: அம்முற்றம் வீட்டின் உள்ளா, புறமா? அது ஈரமான இடமா, அல்லது மழை பெய்யும்போது மட்டும் ஈரமாகும் இடமா? மழை நின்று அரைமணி நேரத்தில் காய்ந்துபோகும் தரை, அந்த அரைமணி நேரத்துக்கு விதியின் ஆட்சிக்கு உட்பட்டுப் பிறகு விடுதலை பெறுமா? ஓஹையோ மாகாணத்து நிலவறையை மனத்தில் வைத்து எழுதியவர்களுக்கு, கூரையில் வேண்டுமென்றே ஓட்டை விட்டுக் கட்டிய வீடு ஒன்று உலகில் உண்டென்பது தோன்றியிராது. நடைமுறையில் கடைத்தெரு கண்ட தீர்வு, கம்பி படியேறும் இடத்தில் மாலை கட்டும் வாழைநாரால் இரண்டு முடிச்சுப் போட்டு, சரக்கு வந்த பிளாஸ்டிக் பையை அதன் மேல் கவிழ்ப்பதாகும். சோதனைச் சாலை எதுவும் இதை அங்கீகரித்ததில்லை. எனினும் தொலைபேசி நிலையத்திலிருந்து வந்த பணியாளர் அதைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல், கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டுப் போனதை மறைமுக அங்கீகாரமாகக் கொள்ளலாம்.

எரிவாயு கசிந்தால் கசிவுக்கு அருகிலிருந்தே தொலைபேசியில் அதைத் தெரிவிக்கக் கூடாது என்றொரு விதியும் உண்டு. நல்ல விதி. ஆனால் பின்கட்டில் சிலிண்டர், பின்கட்டிலேயே பெரிய மணி. மேலும், கசிவைக் கண்டவர் தொலைபேசி தேடுவதில்லை, தெருவுக்கு ஓடி வந்து கூவுகிறார்.

மின்னலைப் பற்றிய விதியைச் சற்று நின்று ஆராய வேண்டும், ஏனெனில் நீச்சல் குள எச்சரிக்கை நீங்கலாக, கைப்புத்தகம் முழுவதிலும் இத்தெருவில் தவறாது கடைப்பிடிக்கப்பட்டது அது ஒன்றே. 'இடிமின்னல் வேளையில் தொலைபேசிக் கம்பி வேலை செய்யற்க' என்று விதித்தவர்களின் நோக்கம் வேலை செய்யும் மனிதனின் உயிரைக் காப்பது. இத்தெரு அதை மோடத்தின் உயிரைக் காக்கும் விதியாக வியாக்கியானம் செய்துகொண்டது. இவ்வியாக்கியானம் மூலத்திலும் சிறந்தது என்பதே நமது துணிபு. மலேசியா உலகிலேயே இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் ஒன்று. எங்கோ விழும் மின்னல் கம்பத்துக் கம்பியில் அதிர்ச்சியை ஏற்றி விடுகிறது. சாதாரணத் தொலைபேசி ஒரே கம்பியில் தொங்குவதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மோடமோ ஒரு புறம் தொலைபேசிக் கம்பியையும், மறு புறம் கணினி வழியாகவும் அடாப்டர் வழியாகவும் 240 வோல்ட் மின்கம்பியையும் பிடித்துக்கொண்டு நிற்பது. இரண்டுக்கும் இடையே அழுத்தம் பேதப்படும் அந்தக் கணத்தில் அதிர்ச்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய இதன் உடம்பே பாலமாகிறது. கருகிய மோடத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு, தொலைபேசிச் செருகுவாய்க்கு மிக அருகில் ஒரு சிறு சில்லின் முதுகு வெடித்து, பச்சைப் பலகையில் விரல்நகம் அளவுக்குக் கரி படிந்திருப்பது தெரியும். மணம் அரக்கும் பொசுங்கிய இஞ்சியும் கலந்தாற்போல இருக்கும். சில வேளைகளில் கணினியின் தாய்ப்பலகையும் உடன்கட்டை ஏறிவிடும். ஆதலால் பிற்பகலில் கொம்தார் கோபுரத்துக்குப் பின்னால் வானம் கறுத்ததும், பூக்கடைக்காரர் தார்ப்பாயை இழுப்பதற்கும் முன்னதாக, ஒவ்வொரு கடையிலும் ஒரு கை கல்லாவுக்குப் பின்னால் நுழைந்து, 'டக்' என்று செருகியைப் பிடுங்கும். எந்த ஆணையமும் சாதிக்காத இணக்கத்தை முருகனின் மயிலுக்கு உகந்த அந்த மேகம் சாதித்தது.

வேகத்தைப் பற்றிய விவகாரமும் விதியைச் சார்ந்ததேயாம். 1998இல் நிலைபெற்ற வி.90 தரத்து மோடங்கள் அட்டைப்பெட்டியின் மேல் 56 என்று கொட்டை எழுத்தில் பறைசாற்றின. அடியில், கண்ணாடி போட்டுப் பார்த்தாலன்றித் தெரியாத எழுத்தில், கம்பியில் செலுத்தும் சக்திக்கு அமெரிக்க ஆணையம் வரம்பு கட்டியிருப்பதால் 53க்கு மேல் வராது என்றிருக்கும். பழைய கம்பியும் வாழைநார் முடிச்சும் சேர்ந்து 44 கொடுத்தால் அது புண்ணியம். 56 என்று சொல்லி 53 நிறுத்து 44 கொடுப்பதை இதே தெருவில் ஒரு மிளகாய் வியாபாரி செய்திருந்தால், எடைக்கல் பரிசோதகர் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

இனி, அழைப்பு முறை. கணினி தன் பெட்டிக்கு ஏ, டி என்னும் ஈரெழுத்தை முன்னிட்ட கட்டளையைச் சொல்ல, பெட்டி கம்பியைத் திறந்து, தொலைபேசியின் 'டயல்' ஓசை கேட்கிறதா என்று காத்திருந்து, ஜாரிங் ஆயின் 1511, டி.எம்.நெட் ஆயின் 1515 என்று சுழற்றும். மறுமுனை 2100 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒரு நீண்ட ஒலியை எழுப்பும். மனிதர் பேச்சில் எதிரொலியை அடக்குவதற்காகக் கம்பியில் வைத்திருக்கும் சாதனங்களைச் சற்று உறங்கச் சொல்லும் சமிக்ஞை அது. அதன் பின் சீறலும் கரகரப்புமாக இரு பெட்டிகளும் தமக்குள் வேகத்தைப் பேசி முடிக்கும். உலகெங்கும் நள்ளிரவில் வீட்டாருக்குத் தெரியாமல் இணையம் ஏறியவர்கள் இந்த ஓசையை அமுக்கத் தலையணை தேடினார்கள் என்பர். மார்க்கெட் ஸ்திரீட்டில் அந்தத் தொல்லை இல்லை. எதிரெதிரே இரண்டு இசைத்தட்டுக் கடைகள், ஆளுயர ஒலிபெருக்கிகளை ஐந்தடிக்கு வெளியே வைத்து, வெவ்வேறு படப்பாட்டுகளை ஒரே நேரத்தில் முழக்கிக்கொண்டிருக்கையில், மோடத்தின் சங்கேத பாஷை அதற்கே கேட்டதா என்பது ஐயம்.

அழைத்த எண் ஓயாமல் வேலையாக இருந்தால் பெட்டி அதே எண்ணை இடைவிடாமல் அழைக்கலாகாது என்றும், சில முயற்சிகளுக்குப் பின் சிறிது ஓய வேண்டும் என்றும் பல நாடுகளின் விதிகள் பெட்டியின் உள்ளேயே கட்டப்பட்டிருந்தன. தொலைபேசி நிலையத்தை இயந்திரங்களின் நச்சரிப்பிலிருந்து காக்கும் இவ்வேற்பாடு நியாயமானதே. ஆனால் பெட்டி ஓய்ந்த வேளையில், கணக்குப்பிள்ளையின் மகன் பக்கத்துத் தொலைபேசியை எடுத்துத் தன் விரலாலேயே அழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மனிதர்களுக்கு அவ்விதி பொருந்தாதாம்.

தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. முத்து நெடுமாறன் இந்நாட்டிலேயே உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளைக் கொண்டு தமிழில் கடிதம் எழுதுவோர் பெருகினார்கள். 2001இல் தமிழ் இணைய மாநாடே கோலாலம்பூரில் கூடிற்று. அக்காலக் குறியேற்றங்களில் தமிழெழுத்துகள் எட்டாவது துணுக்கு (பிட்) இருந்தால்தான் பிழைக்கும். வழியில் ஏழு துணுக்கே போதும் என்று எண்ணும் பழைய இயந்திரம் ஒன்று குறுக்கிட்டால், 'அன்புள்ள மாமாவுக்கு' என்பது பொருளற்ற எழுத்துகளும் குறிகளுமாக மாறிப் போய்ச் சேரும். எட்டுத் துணுக்கு, சமநிலைச் சோதனை இல்லை, ஒரு நிறுத்தம் என்னும் அமைப்பைத் தமிழர் மட்டில் கட்டாயமாக்கும் விதியொன்றை ஆணையம் இயற்றியிருக்கலாம், இயற்றவில்லை.

இதுவரை கூறியவை எழுதப்பட்ட விதிகள். எழுதப்படாத விதியே இவ்விசாரணையின் மையம். கம்பி ஒன்று, அதைப் பிடித்திருப்போர் பலர். சாயங்காலம் ஆறரைக்கு, ஒரு பக்கம் பாதி இறங்கிச் சேலையின் கரை மட்டும் திரையில் தெரியும் தறுவாயில், மாடியில் ரிசீவர் எடுக்கப்படும் மெல்லிய 'கிளுக்' ஓசை கேட்கும். திரையில் இணைப்பு அறுந்ததென்ற வாசகம் தோன்றும். கீழேயிருந்து பேரன் கத்துவான்:

'பாட்டி, போனை வைங்க! நெட்ல இருக்கேன்!'

'என்னடா இது, உள்ள எவனோ விசிலடிக்கிறான்?'

'அது மோடம் பாட்டி. வைங்க.'

'ஈப்போவிலேருந்து உங்க அத்தை கூப்பிடுவா. காலையிலேருந்து லைனு கெடைக்கலைன்னு அவ பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட சொல்லி அனுப்பிச்சிருக்கா. நீ எதை வேணா கடை சாத்தினப்புறம் பாரு.'

முதலாளி இதில் தலையிடமாட்டார். அவருக்கும் ஃபேக்ஸ் வரவேண்டியிருக்கிறது.

'கடை சாத்தின அப்புறம்' என்ற இந்தத் தீர்ப்பைக் கைப்புத்தகத்தோடும் அடிச்சீட்டோடும் ஒப்பிட்டு ஆராய்ந்தால், மூன்று பிரமாணங்களுள் எது வலியது என்ற வினாவுக்கு விடை தெளிவாகும். கைப்புத்தகம் மோடம் தொலைபேசி அமைப்புக்குத் தீங்கு விளைத்தால் என்ன செய்வதென்று நான்கு பத்தி பேசுகிறது. அத்தை ஈப்போவிலிருந்து அழைத்து லைன் கிடைக்காமற் போவதைத் தீங்காக அது கருதவேயில்லை. அடிச்சீட்டு, பெட்டி கம்பிக்குப் பொருந்துமா என்று பார்த்ததேயன்றி, கம்பி ஒரு குடும்பத்துக்கு எத்தனை மணி நேரம் தேவை என்று பார்க்கவில்லை. அந்தக் கணக்கைப் போட்டவர், தண்டனை விதிக்கும் அதிகாரமும் உடையவராய் இருந்தவர், மாடியிலிருந்த பாட்டி. அமலாக்கத்துக்கு அவருக்குத் தேவைப்பட்டது ரிசீவர் ஒன்றைத் தூக்குவது மட்டுமே. இத்தெருவில் இரவு ஒன்பதரைக்கு மேல் ஒரே நேரத்தில் அத்தனை கடைகளிலிருந்தும் 1511க்கும் 1515க்கும் அழைப்புகள் குவிந்து எண் வேலையாகவே இருந்ததற்கு இதுவே காரணம் என்று ஊகிக்கிறோம்.

2001இல் டெலிகோம் மலேசியாவின் ஸ்ட்ரீமிக்ஸ் என்னும் அகலக்கற்றைச் சேவை வந்து பேச்சையும் இணையத்தையும் ஒரே கம்பியில் அருகருகே ஓடவிட்டது. பாட்டியின் அதிகாரம் அன்றோடு பறிபோயிற்று. மோடம் இழுப்பறைக்குச் சென்றது. அங்கேயும் விதி விடவில்லை: 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு ஒழுங்குமுறைகளின்படி மின்னணுச் சாதனங்களின் கழிவு எஸ்.டபிள்யு.110 என்னும் இனத்தில் அடங்கும். கண்ட இடத்தில் எறிவது முறையன்று. கடைத்தெரு இதற்கும் முழுமையாக இணங்கியிருக்கிறது, எவரும் எதையும் எறியாததால். மோடம் ஒரு மூலையில் கிடக்க, அதன் அடாப்டரை மட்டும் தனியே எடுத்து, சாமி படத்து விளக்குச் சரத்துக்கோ பழைய வானொலிக்கோ மாட்டிக்கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. இது குறித்து ஆய்வாளர் என்ற முறையில் ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்: மோட அடாப்டர்களுள் சில நேர்மின்சாரம் தருவனவல்ல, மாறுமின்சாரத்தையே குறைத்துத் தருவன. விளக்குச் சரம் பொறுத்துக்கொள்ளக்கூடும், வானொலி பொறுக்காது. மாட்டுமுன் அடாப்டரைத் திருப்பி, அதன் அடியில் இருக்கும் சீட்டைப் படிக்கவும்.